இதர விஷயங்கள்

காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும். எங்கள் கல்லூரியின் முனைவர் பட்டக் குழுவுக்கு நான் தலைவரான நாளிலிருந்து, பதினொரு ஆண்டுகளாக, இந்த ஒழுங்கு ஒருமுறையும் தவறியதில்லை. அந்தப் புதன்கிழமையும் தவறவில்லை. கதவைச் சாத்த எழுந்தபோது, வெளியே நடையில் ஸிஹாம் குர்பெல் நின்றிருந்தாள். கெர்கென்னாத் தீவுப் பெண். காற்று பலமாக வீசியதால் படகு ஓடாமல் போகலாம் என்று அஞ்சி, முந்தின நாளே நகரத்துக்கு வந்து தோழி வீட்டில் தங்கியிருந்தாளாம். ஆய்வு மாணவர்களைக் குழு தன்முன் அழைப்பதில்லை என்பது தெரிந்திருந்தும் எதற்காக வந்தாள் என்று கேட்டேன்.

"சும்மாதான் மேடம். வீட்ல இருந்தா கையும் ஓடல, காலும் ஓடல."

நான் கதவைச் சாத்தினேன்.

அவள் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஐந்தாம் ஆண்டு அந்த வாரத்தோடு முடிகிறது. தீவைச் சுற்றியுள்ள கடல்புல் எவ்வாறு அழிகிறது என்பதே அவள் ஆய்வு; முக்கால்வாசி எழுதிவிட்டாள். எஞ்சியதை முடிக்க இன்னும் ஓராண்டு நீட்டிப்பு வேண்டும். நீட்டிப்புக்கு நெறியாளர் கையெழுத்திட்ட முன்னேற்ற அறிக்கை வேண்டும். அவளுடைய நெறியாளர் நூருத்தீன் ஓமானில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தத்தில் போய் மூன்றாண்டு ஆகிறது. முதலாண்டு மட்டும் தபாலில் கையெழுத்து வந்தது. அடுத்த ஆண்டு அறிக்கையை அவர் பெயரால் துறை அலுவலகமே அனுப்பி ஒப்பேற்றியது. இவ்வாண்டு அதுவும் இல்லை. நீட்டிப்புப் பெற்றோர் பட்டியல் அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் பல்கலைக்கழகத் தலைமையகத்துக்குப் போயாக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பதிவு ரத்து. ரத்தானவர் அதே பொருளில் மறுபடி பதிய முடியாது. ஐந்தாண்டு உழைப்பு வெறும் காகிதமாகிவிடும்.

நான் அவள் கோப்பை முந்தின நாளே பார்த்திருந்தேன். கையெழுத்து இல்லை, எனவே நீட்டிப்பு இல்லை. எனக்கு அதில் ஐயம் எதுவும் இருக்கவில்லை.

மேசையைச் சுற்றி ஐவர் இருந்தனர். என் வலப்பக்கம் மோன்ஜி திரீக்கி, எங்களில் மூத்தவர், மீன்களைப் பற்றிய எல்லாம் அறிந்தவர், ஓராண்டாக என்னோடு அளந்தே பேசுபவர். அவரை அடுத்து ரஷீதா ஃபூராத்தி, தாவரவியல். எதிரே தவ்ஃபீக்கும் லஸாதும். மேசையின் கடைக்கோடியில் மாணவர் பிரதிநிதி ஹைதம். மாணவர்களுக்கு இரண்டு இடம் உண்டு. மற்றவர் ஜூனில் பட்டம் பெற்றுப் போய்விட்டார், தேர்தல் இன்னும் நடக்கவில்லை. ஆறாவது பேராசிரியர் நூருத்தீன்தான். அவர் விலகல் கடிதம் தராததால் பெயர் பட்டியலில் இருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து உறுப்பினர் இருந்தால்தான் முடிவு செல்லும். என்னோடு சேர்த்துப் பேராசிரியர் ஐவர், ஹைதம் ஆறாவது.

கூட்டம் எப்போதும் ஒரே வரிசையில் நடக்கும். சென்ற கூட்டத்தின் குறிப்பை மாணவர் பிரதிநிதி உரக்கப் படிப்பார். குழு அதை ஏற்கும். அடுத்து விதிகள், பாடங்கள், தேர்வுத் தேதிகள். இவற்றில் மாணவர்க்கும் வாக்கு உண்டு. கடைசியில் தனி மாணவர் கோப்புகள். அப்போது பிரதிநிதி எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு மாணவரின் குறைகளை மற்றொரு மாணவர் கேட்பது முறையன்று என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. நான் அதை இறுக்கமாகவே வைத்திருந்தேன். வெளியே நிற்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே தனக்குப் பழக்கம் என்று ஹைதம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவான்.

அன்று குறிப்பு நீளம்; அவன் படித்து முடிக்கப் பதினொன்று ஆயிற்று. ஆட்சேபம் உண்டா என்று வழக்கப்படி கேட்டேன். பதினொரு ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை.

"எனக்கு இருக்கு மேடம்," என்றான் ஹைதம்.

அவன் பையிலிருந்து கட்டம் போட்ட பழைய நோட்டு ஒன்றை எடுத்தான். மூலையில் ஆலிவ் எண்ணெய் பட்டுக் காகிதம் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அது மாணவர் பிரதிநிதிகளின் நோட்டு. ஒருவர் பதவி முடிந்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்களாம். வெளியே அனுப்பப்படும் வரை குழுவில் நடந்தது முழுவதையும் எழுதிவைப்பார்களாம். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"நான் தூங்கினதும் எழுதியிருக்கா?" என்றார் தவ்ஃபீக்.

"ரெண்டு தடவை, ஸி தவ்ஃபீக். மணியோட," என்றான் ஹைதம், மரியாதைச் சொல்லான 'ஸி'யை விடாமல்.

லஸாத் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சென்ற கூட்டத்துக் குறிப்பில் என்ன பிழை என்று சொல்லும்படி கேட்டேன்.

பிழை சென்ற கூட்டத்தில் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ரமலானில் நடந்த கூட்டத்தில் இருக்கிறது என்றான் அவன். நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் 'இதர விஷயங்கள்' என்று இருந்தது. ரமலானில் ஒரு மணிக்கு அலுவலகம் மூடிவிடும். ஒரு மணிக்கு நான் கூட்டத்தை முடித்து, இதர விஷயங்களை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருந்தேன். அந்த இதர விஷயங்களில் ஒன்று ஸிஹாமின் கடிதம். நெறியாளரை மாற்றித் தரும்படி அவள் குழுவிடம் கேட்டிருந்தாள்.

"ஒத்திவெச்ச விஷயம் அடுத்த கூட்டத்துல முதல்ல வரணும்னு விதி இருக்கு மேடம். பதினேழாவது. நான் இந்த நோட்டு முழுக்கப் பாத்துட்டேன். அது முதல்லயும் வரல, கடைசிலயும் வரல. வரவே இல்ல."

ஜன்னல் கண்ணாடி காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் சாம்பல் நிற உறை ஒன்று உண்டு. நேரம் போதாமல் நின்றுபோகும் கடிதங்களை அதில் வைப்பது என் வழக்கம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிகழ்ச்சி நிரலைப் புதுத் தாளில், புதிதாக எழுதுவதும் என் வழக்கம். பழைய தாளிலிருந்து எதையும் நகலெடுக்க மாட்டேன். நகலெடுத்தால் பிழை வரும் என்பது என் கொள்கை. அந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றையொன்று அறியாமல் இத்தனை காலம் ஒரே அறையில் இருந்திருக்கின்றன.

உறை நான் எண்ணியதைவிடக் கனமாக இருந்தது. ஸிஹாமின் கடிதம் மேலிருந்து நாலாவதாகக் கிடைத்தது. வரவு முத்திரை, தேதி, என் சுருக்கொப்பம் எல்லாம் இருந்தன. கீழே வேறு கடிதங்களும் இருந்தன. உறையை மூடினேன்.

கடிதத்தை உரக்கப் படித்தேன். நூருத்தீன் பதில் எழுதுவதில்லை, ரஷீதா ஃபூராத்தி நெறியாளராக இருக்க வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார், குழு அனுமதி தர வேண்டும் என்று அதில் இருந்தது. ரஷீதாவைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டேன்.

"உண்மைதான். குழு சொல்லட்டும்னு அவகிட்ட சொன்னேன். குழு ஒண்ணும் சொல்லல. சரி, மேடம் வேணாம்னுட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

ரஷீதா தன் பேனாவைப் பார்த்துக்கொண்டு, "உங்ககிட்டயா?" என்றாள்.

அடுத்துப் பேசியவர் மோன்ஜி. அவர் ஒருபோதும் குரலை உயர்த்துவதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"போன வருஷம் என் மாணவன் மாஹிரோட அறிக்கை மூணு நாள் லேட்டு. நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தேன், அதான் கையெழுத்து லேட்டு. இதே மேசைல கெஞ்சினேன். தேதின்னா தேதிதான்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா மேடம்?"

இருந்தது.

"அவன் இப்ப காபெஸுக்கும் இங்கயும் ஷேர் வேன் ஓட்டுறான். நாலு வருஷம் கணவாய் மீன் முட்டையை எண்ணின பையன். போன மாசம் அந்த வேன்ல நானே ஏறினேன். முன் சீட்டுல உக்கார வெச்சான். வழி பூரா என்னை 'ஸி மோன்ஜி, ஸி மோன்ஜி'ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தான். நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கிறது? அவனுக்கு வளையாத தேதி இந்தப் பொண்ணுக்கு மட்டும் வளையுமா?"

அவர் சொன்னதில் தவறில்லை. ஸிஹாமின் அறிக்கை மூன்று நாள் தாமதமாகக்கூட வரவில்லை, வரவே இல்லை. ஆனால் வராமற்போனதற்கு முதற்காரணம் என் அலமாரியில் இருந்தது. ஒரு விவகாரம் எவரைத் தொடுகிறதோ அவர் அறையில் இருக்கக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. அதை எத்தனையோ பேருக்கு நான் படித்துக்காட்டியிருக்கிறேன். எழுந்தேன்.

"இந்தக் கோப்பைப் பற்றி முடிவு செய்யும்போது நான் இங்கே இருக்க இயலாது. தவறு என்னுடையது. குறிப்பில் அவ்வாறே எழுதுங்கள். விதிப்படி, மூத்தவர் தலைமை ஏற்பார்."

மூத்தவர் மோன்ஜி. அவர் என்னை நம்பாதவர்போல் பார்த்தார்.

லஸாத் விரலால் மேசையைச் சுற்றி எண்ணினார். "நீங்க போனா நாங்க நாலு பேர் மேடம். நாலு பேர் முடிவு செல்லாது. வேற நாள் கூடலாம்னா ரெண்டு மணிக்கு லிஸ்ட் போகணும்."

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. ஹைதம் நோட்டை மூடினான். அவன் எழுந்திருக்கவில்லை.

"நான் இருக்கேன்," என்றான்.

மோன்ஜி தலையசைத்து மறுத்தார். தனிக் கோப்பில் மாணவன் உட்கார்ந்ததே இல்லை. நாளை எல்லோருடைய குறையும் சிற்றுண்டிச் சாலையில் அலசப்படும் என்றார். தவ்ஃபீக்கும் அதையே சொன்னார். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வழக்கத்தின் காவலாளி நான்தானே.

"வெளியே அனுப்புவது வழக்கம்," என்றேன். "விதி அன்று. விதியில் ஹைதம் முழு உறுப்பினர். அவர் இருந்தால் ஐவர்."

"அப்ப ரஷீதாவும் போகணுமே. அவங்கதானே புது கைடு."

"தம் மாணவருக்கு வாக்களிப்பதை விதி தடுக்கவில்லை, ஸி மோன்ஜி. மாஹிருக்கு நீங்கள் வாக்களித்தீர்கள்."

அவர் எழுந்து என் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். வாக்குப் பெட்டியை அவர் முன் நகர்த்தி வைத்தேன். பெட்டி என்பது பழைய ஹல்வா டப்பா. மூடியில் சீட்டுப் போட ஒரு கீறல். மூடி இறுக்கமானது, திறக்கும்போதெல்லாம் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் வரும். புதிய பெட்டி வாங்கச் சொல்லிக் குழு இரண்டு முறை தீர்மானம் போட்டிருக்கிறது.

வெளியே வந்து கதவை நானே சாத்தினேன்.

நடையில் ஒரு மரப்பலகை உண்டு. ஸிஹாம் அதிலிருந்து எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு நானும் மறுகோடியில் உட்கார்ந்தேன். பதினொரு ஆண்டுகளில் அந்தப் பலகையில் நான் உட்கார்ந்ததில்லை; ஒரு கால் குட்டை, ஆடியது. உள்ளே நடந்ததை அவளிடம் சுருக்கமாகச் சொன்னேன். உள்ளே இருப்பவர்களின் பேச்சைச் சொல்லவில்லை. கடிதம் எங்கே இருந்தது என்பதை மட்டும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க படிச்சிட்டு வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன் மேடம். ரெண்டு வருஷமா. என் வேலை தரமில்ல போல, அதான் வேற கைடு தரமாட்டேங்கிறாங்கன்னு."

"நேரில் வந்து கேட்டிருக்கலாம்."

"வந்தேன். ரெண்டு தடவை. இதே எடத்துலதான். குழு விஷயத்தை நடையில பேசக் கூடாதுன்னு சொன்னீங்க."

சொன்னேன். எனக்கு நினைவு வந்தது. முதல் முறை அவள் கையில் ஈரமான கடல்புல் பை ஒன்று இருந்தது. அது தரையில் சொட்டியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். துடைக்கச் சொன்னேன்.

"தவறு என்னுடையது," என்றேன்.

"அதை உள்ள சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"குறிப்புல வருமா?"

"வரும்."

அவள் தலையசைத்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக அவள்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று கேட்டேன். தீவுக்குத் திரும்பி அப்பாவின் படகில் வலை இழுப்பேன் என்றாள். அப்பாவுக்கு இதில் சந்தோஷம்தான், புல்லைப் பார்க்க ஒரு பட்டமா என்று ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். சிரிக்க முயன்றாள்.

பன்னிரண்டரை ஆயிற்று. உள்ளே மோன்ஜியின் குரல் நீளமாகக் கேட்டது, சொற்கள் புரியவில்லை. இடையே ஹைதமின் குரல், பிறகு ரஷீதா, பிறகு மறுபடி மோன்ஜி. ஒன்றேகால் மணிக்கு எல்லாக் குரல்களும் அடங்கின. நாற்காலிகள் நகர்ந்தன. சீட்டு எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பலகையின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

டப்பா மூடி வெடித்தது. எண்ணுகிறார்கள். ஐந்து சீட்டை எண்ண அரை நிமிடம் போதும். அரை நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. கதவு திறக்கவில்லை. பிறகு மூடியை அழுத்திச் சாத்தும் ஓசை கேட்டது.

"என்ன மேடம் அது?"

"மறுபடி வாக்கெடுக்கிறார்கள். யாரோ வெற்றுச் சீட்டுப் போட்டிருப்பார்கள். இரண்டுக்கு இரண்டு, ஒன்று வெறுமை என்றால் மறுபடி எடுக்க வேண்டும்."

"அப்ப யாரோ ஒருத்தருக்கு மனசு வரல."

"இரண்டு பக்கமும் வரவில்லை," என்றேன்.

மணி ஒன்று இருபத்தைந்து. மூடி இரண்டாம் முறை வெடித்தது. இம்முறை ஹைதம் கதவைத் திறந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவைத் தலைமை வகித்தவர்தான் அறிவிக்க வேண்டும், அதை அவன் மதித்தான். அவனிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் உள்ளே போனேன்; மோன்ஜி என் நாற்காலியில் இருந்தபடியே படித்தார். முதல் வாக்கெடுப்பு முடிவில்லாமல் போயிற்று. இரண்டாவதில் ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு. ஸிஹாம் குர்பெலுக்கு ஓராண்டு நீட்டிப்பு. இன்று முதல் நெறியாளர் ரஷீதா ஃபூராத்தி. நிபந்தனை ஒன்றுதான்: தாமதத்தின் காரணத்தைக் குழுத் தலைவர் தம் கைப்படக் குறிப்பில் எழுத வேண்டும்.

நடையில் பலகை ஒருமுறை ஆடி நின்ற ஓசை கேட்டது. லஸாத் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்து, முத்திரையிட்டு, தம் காரிலேயே கொண்டுபோனார். ஒன்று ஐம்பதுக்குப் பெற்றுக்கொண்டதாகத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அதுவரை மற்றவர் எவரும் இருக்கையை விட்டு எழவில்லை.

நான் குறிப்பை எழுதினேன். கடிதம் வந்த தேதி, ஒத்திவைத்த தேதி, அதற்குப் பின் நடந்த கூட்டங்களின் எண்ணிக்கை பதினாறு, அவற்றில் எதிலும் தலைவர் அதை நிரலில் சேர்க்கவில்லை, மாணவி நேரில் வந்த இருமுறையும் தலைவர் கேட்க மறுத்தார். மோன்ஜி கையெழுத்திடும் முன் முழுவதையும் படித்தார்.

"கடைசி வரி யாரும் கேக்கலையே மேடம். இவ்வளவு பச்சையா எழுதணுமா?"

"நடந்தது அதுதான்."

அவர் கையெழுத்திட்டார். எந்தச் சீட்டு அவருடையது என்பது எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்டதில்லை, கேட்பதும் முறையன்று.

தவ்ஃபீக்கும் ரஷீதாவும் விடைபெற்றார்கள். நான் அலமாரியிலிருந்து சாம்பல் உறையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன். பதினான்கு கடிதங்கள். எல்லாவற்றிலும் என் சுருக்கொப்பம். சிலர் பட்டம் பெற்றுப் போய்விட்டவர்கள். சிலர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மோன்ஜி ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து அடுக்கினார்.

அடுத்த கூட்டத்துக்கான புதுத் தாளை எடுத்து முதல் வரியில் 'ஒத்திவைக்கப்பட்டவை' என்று எழுதி, பதினான்கு பெயர்களையும் அதன்கீழ் எழுதினேன். இரண்டாம் வரியில் மாஹிரின் பதிவு ரத்தை மறுபரிசீலனை செய்வது.

மோன்ஜி தாளைத் தலைகீழாகவே படித்தார்.

"அவன் வரமாட்டான். ரெண்டு குழந்தை ஆயிடுச்சு. நம்ம மேல இப்ப கோபம்கூட இல்ல அவனுக்கு."

"அவர் வர வேண்டியதில்லை. கோப்பு வந்தால் போதும். அன்று தலைமை உங்களுடையது. நான் வெளியே இருப்பேன்."

ஹைதம் வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அடுத்த முறை கோப்புகள் வரும்போது தான் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே போக வேண்டுமா என்று கேட்டான்.

மூன்றாம் வரியில் அதை எழுதினேன்.

"அந்த நோட்டைக் கொண்டுவா," என்றேன். "பலகையின் காலைச் சரிசெய்யச் சொல்லியும் எழுதிக்கொள். நான் கொஞ்ச நேரம் அங்கே உட்கார வேண்டியிருக்கும்."